மூன்றாவது நாற்காலி

(சித்திரவதைக்கு உள்ளானோருக்கு ஆதரவளிக்கும் சர்வதேச நாளான ஜூன் 26 அன்று சென்னையில் ஆற்றிய சொற்பொழிவு)



முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டிருக்கிறார்கள். அது அச்சகத்தார் அன்பாகக் கொடுத்த பட்டம். நான் வைத்தியர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வாழ்கிறவள். இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை, வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. அந்த அறையில் மூன்று நாற்காலி இருக்கும். ஒன்று வைத்தியருக்கு, ஒன்று வந்தவருக்கு, மூன்றாவது எனக்கு. நான் பேசுவதில் ஒரு சொல்கூட என்னுடையது கிடையாது. ஆனால் அறையில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் என் வாய் வழியாகத்தான் போகும். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

என்ன பார்த்தேன்? கொடிய வன்முறையிலிருந்து உயிர் தப்பி, கடல் தாண்டி, எல்லை தாண்டி வந்த மனிதர்களுக்கு உடம்புக்கும் மனதுக்கும் எப்படி வைத்தியம் நடக்கிறது என்று பார்த்தேன். எப்படி நடக்காமல் போகிறது என்றும் பார்த்தேன். இரண்டையும் பேசுவோம்.

ஏன் இந்த நாள்? சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1987 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வைத்துத்தான் இந்த நாள். இந்தியா 1997இல் அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை அதை உறுதிப்படுத்திச் சட்டமாக்கவில்லை. இலங்கை 1994இலேயே சேர்ந்துவிட்டது, அதே ஆண்டில் சட்டமும் இயற்றிவிட்டது. சட்டம் இல்லாத நாட்டில் நின்றுகொண்டு, சட்டம் இருந்த நாட்டிலிருந்து தப்பி வந்தவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். காகிதத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இது ஒரு இனத்தின் கதை, ஒரு தீவின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ வழியாக வடக்கே போகிறவர்களிடம் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு கேட்டுப் பார்த்து, 2017இல் அறிக்கை வெளியிட்டது. பயணத்திலேயே வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 68.3 சதவீதம். ஊரில் பட்டது வேறு, வழியில் பட்டது வேறு. மெக்சிகோ நகரத்தில் அந்த அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தியிருக்கிறது. அங்கே வைத்தியர், மனநல வைத்தியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். லிபியாவின் தடுப்புக் கொட்டடிகளிலிருந்து இத்தாலிக்கு வந்து சேர்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஊர்ப்பெயரும் ஆட்களின் பெயரும் மட்டும் மாறும். ஆனால் எனக்குத் தெரிந்தது என் நாற்காலி, எனக்குத் தெரிந்தது என் தமிழ். அதனால் லண்டனுக்கே வருகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கட்டுமா? 'நாரி.'

இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு நாரி என்றால் என்னவென்று தெரியும்? பெண் என்று அர்த்தம் என்பீர்கள். பள்ளியில் அப்படித்தான் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் நாரி என்றால் இடுப்பின் பின்பக்கம், முதுகின் அடிப்பாகம். 'நாரி நோகுது' என்று எங்கள் பாட்டி தினமும் சொல்வார். லண்டனில் ஒரு பையன் வைத்தியரிடம் போய், 'எனக்கு நாரியாலை தான் பிரச்சினை, நித்திரையே வருகுதில்லை' என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்குத் தொலைபேசி வழியாக மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுத் தங்கை ஒருவர், நன்றாகப் படித்தவர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? இவருக்குப் பெண்ணால் பிரச்சினை, தூக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டார். வைத்தியர் குடும்ப ஆலோசனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பையனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆறு மாதம் கழித்து அவன் வேறொரு இடத்தில், வேறொரு வைத்தியர் முன்னால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார் வைத்தியர். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் அடித்திருக்கிறார்கள். அந்தக் குழாய் தோலைக் கிழிக்காது. தழும்பு பெரிதாக நிற்காது. உள்ளே தசையையும் நரம்பையும் நசுக்கும். அடிக்கிறவனுக்கு அது வசதி. பிறகு பார்க்கிற வைத்தியருக்கு அது தலைவலி. அவனுக்கு அது நாரி.

இதை ஏன் சொல்கிறேன்? வந்தவர்களில் ஒருவர்கூட 'என்னைச் சித்திரவதை செய்தார்கள்' என்று பேச்சைத் தொடங்கி நான் கேட்டதில்லை. ஒருவர்கூட இல்லை. தலையிடி என்பார்கள். வயிற்றுக்குள் எரிவு என்பார்கள். நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்பார்கள். 'யோசினை கூடிப்போச்சு அக்கா' என்பார்கள். எங்கள் ஊரில் யோசினை என்பது சிந்தனை இல்லை, மனதை அரிக்கிற கவலை. பெருமூச்சு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல வைத்தியம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்கள் துயரத்தை உடம்பின் பாஷையில்தான் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறார். பெருமூச்சும் அந்தப் பாஷையில் ஒரு சொல். அதை நான் 'மூச்சுவிடக் கஷ்டம்' என்று மொழிபெயர்த்தால் என்ன நடக்கும்? ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வரும். நடந்திருக்கிறது. பெருமூச்சு விடுகிற மனிதர் பையில் இன்ஹேலரோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

உள்ளங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளங்காலில் தடியால் அடிக்கும் வழக்கம் பல நாட்டுச் சிறைகளில் உண்டு. வைத்தியப் புத்தகங்களில் அதற்கு 'ஃபலங்கா' என்று பெயர். நம் குதிகாலுக்குள் கொழுப்பால் ஆன ஒரு மெத்தை இருக்கிறது. சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்து, நடக்கும்போது விழுகிற பாரத்தைத் தாங்குகிற மெத்தை. திரும்பத் திரும்ப அடித்தால் அந்த அறைகள் உடைந்து மெத்தை சப்பையாகிவிடும். வீக்கம் சில நாளில் வடிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் எலும்பில் இறங்கும். பத்து வருடம் கழித்து, லண்டனில் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதும் இறங்கும். மறக்கச் சொல்கிறார்களே, எப்படி மறப்பது? ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம்!

இதற்கு வைத்தியம் உண்டு. பெரிய மருந்து ஒன்றும் இல்லை. மெத்தென்ற அடிப்பாகம் வைத்த சப்பாத்து, கால் தசைக்குப் பயிற்சி, வலியைப் புரியவைக்கிற ஒரு சிகிச்சையாளர். ஒருவருக்கு அப்படி ஒரு சோடி சப்பாத்துக் கொடுத்த அன்று, அவர் அறைக்குள்ளேயே மூன்று தடவை நடந்து பார்த்தார். பிறகு குனிந்து நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். வாயால் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு மொழிபெயர்க்க ஒன்றுமே இருக்கவில்லை.

இப்படிப்பட்ட வைத்தியத்தை யார் தொடங்கினார்கள்? இரண்டு பெண்களைச் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கின் இங்கே கெனெஃப்கே, வைத்தியர். 1974இல் சில சக வைத்தியர்களோடு சேர்ந்து, சிலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த, சித்திரவதைக்கு உள்ளானவர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார். 1982இல் கோப்பன்ஹேகனில் இதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் எழுந்தது. இன்னொருவர் லண்டனின் ஹெலன் பாம்பர், வைத்தியர்கூட இல்லை. 1945இல், இருபது வயதில், பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குப் போய் அங்கே உயிரோடு மிஞ்சியவர்களோடு வேலை செய்தார். அவர்களுக்கு உணவு, மருந்து எல்லாவற்றுக்கும் மேலே, தங்களுக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது என்பதை அங்கேதான் கண்டார். நாற்பது வருடம் கழித்து, 1985இல், சித்திரவதைக்கு உள்ளானோருக்கான மருத்துவ அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய 'ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்'. எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் அதன் வாசலை மிதித்திருக்கிறது.

கோப்பன்ஹேகன் வைத்தியர்கள் ஒரு விசித்திரமான விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். என்ன அது? ஆஸ்பத்திரியே சித்திரவதை அறை மாதிரி இருக்கிறது! சன்னல் இல்லாத சின்ன அறை. வெள்ளை உடை போட்ட ஆள். உடுப்பைக் கழற்று என்கிற கட்டளை. நெஞ்சில் ஒட்டுகிற ஈசிஜி வயர். பல் வைத்தியரின் நாற்காலியை நினைத்துப் பாருங்கள்: மல்லாக்கச் சாய்த்து, முகத்துக்கு மேலே வெளிச்சம், வாய்க்குள் கருவி. மின்சாரம் பாய்ச்சப்பட்ட ஒருவருக்கு அந்த வயர் வெறும் வயரா? எங்கள் நாட்டில் பெட்ரோல் நனைத்த பொலித்தீன் பையைத் தலையில் மாட்டுவார்கள். அப்படி மாட்டப்பட்ட ஒருவருக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் நல்ல மனதோடு ஒரு தாதி ஒட்சிசன் முகமூடியை மாட்டப் போனார். நான் அங்கே நின்றேன். அந்த மனிதர் கட்டிலிலிருந்து விழுந்து, சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தாதிக்கு ஒன்றும் புரியவில்லை. 'இவருக்கு மனநோயா?' என்று என்னைக் கேட்டார்.

நல்ல சிகிச்சை நிலையத்தில் என்ன செய்வார்கள்? முகமூடியை முதலில் அவர் கையில் கொடுப்பார்கள். வைத்துப் பாருங்கள், வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள் என்பார்கள். கதவுப் பக்கம் உட்காருவதா, சன்னல் பக்கம் உட்காருவதா என்று கேட்பார்கள். தொடுவதற்கு முன்னால் எங்கே தொடப் போகிறேன் என்று சொல்வார்கள். அற்ப விஷயங்களாகத் தெரிகிறதா? 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத ஒரு இடத்தில் மாதக்கணக்கில் இருந்தவருக்கு, வேண்டாம் என்று சொல்ல உரிமை கிடைப்பதுதான் முதல் மருந்து.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

வந்தவர் தன் கதையை ஒரு அறையில் மட்டும் சொல்வதில்லை. இரண்டு அறைகளில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று வைத்தியரின் அறை. மற்றது அகதி அந்தஸ்துக் கேட்டவரை அதிகாரி விசாரிக்கிற அறை. எங்கள் சனம் அதைப் 'பெரிய இன்டர்வியூ' என்பார்கள். இரண்டு அறையிலும் மூன்று நாற்காலிகள். இரண்டிலும் ஒரு மொழிபெயர்ப்பாளர். கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஆனால் பதிலை எப்படிக் கேட்கிறார்கள்? எந்த மாதம் பிடித்தார்கள் என்று தெரியவில்லை என்கிறார். வைத்தியரின் அறையில் அது நோயின் அறிகுறி. அதிகாரியின் அறையில் அது பொய்யின் அறிகுறி. சொல்லும்போது முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. வைத்தியருக்கு அது மனம் மரத்துப்போனதன் அடையாளம். அதிகாரிக்கு அது மனப்பாடம் செய்ததன் அடையாளம். ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒன்றைச் சொல்கிறார். வைத்தியருக்கு நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. அதிகாரிக்குக் கதை வளர்ந்திருக்கிறது! அதே வாய், அதே சொல், அதே தமிழ். எந்த நோய்க்காக ஒருவரை வைத்தியரிடம் அனுப்புகிறோமோ, அந்த நோயின் குணங்களை வைத்தே அவரைப் பொய்யர் என்கிறோம்.

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு ஆய்வு வந்தது. பொஸ்னியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் பிரிட்டனுக்கு வந்த அகதிகளை இரண்டு தடவை பேட்டி கண்டார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு பேட்டிக்கும் இடையில் விவரங்கள் மாறின. மனவடு அதிகமாக இருந்தவர்களிடம், இடைவெளி நீள நீள முரண்பாடும் கூடியது. உங்களையே கேட்கிறேன். போன வருடம் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது செவ்வாயா, புதனா? அறையின் கதவு என்ன நிறம்? உங்களை யாரும் அடிக்கவுமில்லை, கண்ணைக் கட்டவுமில்லை. கண் கட்டப்பட்டவரிடம் கதவின் நிறத்தைக் கேட்கிறார்கள்.

வைத்தியர் எழுதிக் கொடுத்தால் போதாதா என்பீர்கள். எழுதுவதற்கு முறை இருக்கிறது. துருக்கியில் காவலில் நடந்த சாவுகளும், அவற்றை மூடி மறைத்த அறிக்கைகளும் வைத்தியர்களின் மனசாட்சியைக் குத்தியதால் பிறந்த முறை. பதினைந்து நாடுகளைச் சேர்ந்த எழுபத்தைந்து நிபுணர்கள் உழைத்து, 1999இல் ஐக்கிய நாடுகளிடம் கொடுத்த 'இஸ்தான்புல் நெறிமுறை'. ஒரு தழும்பைப் பார்த்தால் வைத்தியர் ஐந்து படியில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன கதையோடு பொருந்தவில்லை; பொருந்துகிறது, ஆனால் வேறு காரணமும் இருக்கலாம்; மிகவும் பொருந்துகிறது; இவ்வகைச் சித்திரவதையில் வழமையாகக் காண்பது; வேறெதனாலும் வந்திருக்க முடியாது. எவ்வளவு நிதானம் பாருங்கள்! வைத்தியர் கண்ணீர் விடுவதில்லை, சத்தியம் செய்வதில்லை. படியைச் சொல்கிறார்.

அந்த நிதானத்துக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. இலங்கைத் தமிழர் ஒருவர், நீதிமன்றப் பதிவில் அவர் பெயர் 'கே.வி.' மட்டுமே. 2011இல் பிரிட்டனுக்கு வந்தவர். முதுகில் மூன்று, வலது கையில் இரண்டு என ஐந்து சூட்டுத் தழும்புகள். காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள் என்றார். வைத்தியர் உற்றுப் பார்த்தார். கையில் இருந்தவற்றின் ஓரம் கலங்கியிருந்தது. முதுகில் இருந்தவற்றின் ஓரம் கோடு கிழித்த மாதிரி இருந்தது. ஏன்? கையில் சுட்டபோது நினைவிருந்தது, வலியில் உடம்பு துள்ளியிருக்கும், ஓரம் கலங்கியிருக்கும். அந்த வலியிலேயே மயங்கியிருப்பார். முதுகில் சுட்டபோது உடம்பு அசையவில்லை. தழும்பிலிருந்து ஒரு இரவையே படித்துவிட்டார் அந்த வைத்தியர்.

தீர்ப்பாயம் என்ன சொன்னது? மயக்க மருந்து கொடுத்து, தன் சம்மதத்தோடு, தானே இன்னொருவரைக் கொண்டு சுடவைத்திருக்கலாம் என்றது. அகதி அந்தஸ்துக்காக! அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு சுருக்கம்: 'எஸ்.ஐ.பி.பி.' ஒரு கொடுமைக்கு நாலெழுத்துச் சுருக்கம் வைத்துவிட்டால் அது கோப்புக்குள் சுலபமாகப் போய்விடுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெரும்பான்மை நீதிபதிகள் அதையே ஏற்றார்கள், ஒருவர் மட்டும் மாறுபட்டார். 2019 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தழும்பு எப்படி வந்திருக்கும் என்று சொல்வது வைத்தியரின் எல்லைக்குள் அடங்கும் என்றது. ஒருவர் தனக்குத்தானே இப்படிச் செய்துகொள்வது மிக மிக அரிது என்பதை மனதில் வைக்க வேண்டும் என்றது. வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. கணக்குப் போடுங்கள்: வந்தது 2011, தீர்ப்பு 2019. எட்டு வருடம் ஒரு மனிதரின் முதுகு விவாதத்தில் இருந்தது. அந்த எட்டு வருடத்தில் அவருக்கு யார் என்ன மாத்திரை கொடுத்தாலும் எப்படி வேலை செய்யும்?

இதனால்தான் நான் சொல்கிறேன், காத்திருப்பும் ஒரு காயம். வழக்கு முடியும்வரை வேலை செய்ய விடமாட்டார்கள். ஒரு வருடம் தாண்டினால் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான். வாரச் செலவுக்கு 50 பவுனுக்கும் குறைவு. நாளைக்கு எந்த ஊர் விடுதிக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது. எங்கள் மனிதருக்கு வேலைதான் நித்திரை மாத்திரை. அதைப் பிடுங்கிவிட்டு வேறு மாத்திரை எழுதுகிறோம்.

சரி, வைத்தியம் பலிக்குமா? பலிக்கும். நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. தரையில் ஒரு கயிற்றைப் போடுவார்கள். கயிற்றின் ஒரு நுனி பிறந்த நாள். அங்கிருந்து நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, முன்னும் பின்னும் சேர்த்து, நிதானமாகச் சொல்ல வைப்பார்கள். ஒருவர் கல் வைப்பார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் முதலில் ஒரு பூவை எடுத்தார். எங்கே வைத்தார் தெரியுமா? 'இது ஐயா சைக்கிள் வாங்கித் தந்த நாள்.' அதற்குப் பிறகுதான் கற்கள் வந்தன. நிறைய வந்தன. கயிற்றின் மறுநுனியை விரிக்கமாட்டார்கள், சுருட்டியே வைப்பார்கள். அது இன்னும் வராத நாட்கள்.

இதே முறையைச் சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் கதை சொல்லும் முறை, மறு குழுவுக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்களே செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி, பெரிய பட்டம் இல்லாதவர்களும் பழகிக்கொண்டால் இதைச் செய்யலாம் என்பது. லண்டனிலும் வைத்தியம் அறைக்குள் மட்டும் நடப்பதில்லை. ஹெலன் பாம்பரின் அறக்கட்டளை 1990களிலேயே தோட்டத் துண்டுகளை எடுத்து, வந்தவர்களைப் பயிரிட வைத்தது. மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது வருகிற பேச்சு நாற்காலியில் வராது. எங்கள் ஆட்கள் அந்தக் குளிரில் மிளகாய்க் கன்று வைத்துப் பார்ப்பார்கள். வைக்காமல் விடமாட்டார்கள்.

ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் லண்டன் வைத்தியர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அவர்களிடம் வந்த 184 தமிழ் ஆண்களில் 38 பேர், காவலில் தங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள்! இந்த மண்டபத்தில் இதைச் சொல்லும்போதே சிலர் தலையைக் குனிகிறீர்கள். அந்த 38 பேரும் அப்படித்தான் குனிந்திருப்பார்கள். சொன்னவர்கள் 38. சொல்லாதவர்கள் எத்தனை?

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

ஒரு தம்பி. ஊர் சொல்லமாட்டேன், வயதை மாற்றித்தான் நினைத்துக்கொள்கிறேன். வைத்தியரிடம் பல தடவை வந்தவன். ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, 'அந்த இடத்திலை வச்சுச் சரியாச் சித்திரவதைப்படுத்தினவங்கள் அக்கா' என்றான். குரல் அடங்கி, பிறகு இன்னும் இரண்டு வசனம் சொன்னான். என்ன நடந்தது என்று அந்த இரண்டு வசனத்தில் தெளிவாக இருந்தது. என் தம்பியின் வயது அவனுக்கு. எனக்குக் கூசியது. அவனுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: 'அங்கே வைத்துக் கொஞ்சம் கடுமையாக அடித்திருக்கிறார்கள்.' வைத்தியர் 'அடி' என்று எழுதிக்கொண்டார்.

பல மாதம் கழித்து, மற்ற அறையில், வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு, அவன் முழுவதையும் சொல்லியிருக்கிறான். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு! அதிகாரி வைத்தியக் குறிப்பைப் புரட்டினார். இதில் அடி என்றுதானே இருக்கிறது, இப்போது வேறு சொல்கிறீர்களே என்று கேட்டார். கிடைத்தது நிராகரிப்பு. அதில் காட்டிய காரணங்களில் அந்த 'முரண்பாடும்' ஒன்று. அது அவன் வாயிலிருந்து வந்த முரண்பாடு இல்லை, என் வாயிலிருந்து வந்தது. கடிதத்தை எனக்குக் காட்டியபோது அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். வைத்தியரிடமும் போய்ச் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேல்முறையீட்டில் அந்தக் கடிதமும் சேர்ந்து போனது. அவனுக்கு அந்தஸ்துக் கிடைக்க மேலும் இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை இரவு அவன் விழித்திருந்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அதை மொழிபெயர்த்தது நான்தான்.

அவன் வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் அன்றிலிருந்து எந்தச் சொல்லையும் மெதுவாக்குவதில்லை. கூசினால் கூசட்டும்.

கடைசியாக அவனோடு உட்கார்ந்த நாளைச் சொல்லி இறங்குகிறேன். ஒரு கடையில் இரவு வேலைக்குச் சேர்ந்திருந்தான். வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி ஆங்கிலம் பிடிபட்டிருந்தது. வைத்தியர் அவனிடமும் நாரி எப்படி என்று கேட்டார். ஆமாம், அவருக்கு இப்போது 'நாரி' என்ற சொல் தெரியும், எங்களைப் போலவே உச்சரிப்பார். அவன் தமிழில் பதில் சொன்னான். நான் ஆங்கிலத்தில், 'கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்' என்றேன்.

அவன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

'அக்கா, நான் கொஞ்சம் எண்டு சொல்லேல்லை.'

பிறகு வைத்தியர் பக்கம் திரும்பி, தன் சொந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, எங்கே நோகிறது, எப்போது நோகிறது, எவ்வளவு நோகிறது என்று அவனே சொல்லத் தொடங்கினான். நான் என் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.